இருட்டறையை இறக்கி வைத்தவர்: ஜார்ஜ் ஈஸ்ட்மன்

ஒளிப்படக்கலையின் வரலாற்றைப் பேசுவோர் படம் எடுத்தவர்களின் பெயர்களையே பெரிதும் நினைவுகூர்வர். எடுத்த படத்தைக் கழுவியவர்களை நினைப்பார் மிகச் சிலரே. ஒளி பட்ட தட்டில் உருவம் உடனே தோன்றிவிடுவதில்லை. அது இருளில் மறைந்து கிடக்கும். மருந்துநீரில் அமிழ்த்தி, கழுவி, நிலைப்படுத்தி, உலர்த்திய பின்னரே கண்ணுக்குப் புலனாகும். படம் எடுப்பது ஒரு நொடி. கழுவுவதோ பல மணி நேரம். அந்த இருளையும் மருந்தையும் உழைப்பையும் படமெடுப்பவரின் தோளிலிருந்து இறக்கிப் பொறிகளிடமும் தொழிற்சாலையிடமும் ஒப்படைத்தவர் ஜார்ஜ் ஈஸ்ட்மன். அதனால் கோடிக்கணக்கானோர் கையில் கலைக்கருவி ஒன்று வந்து சேர்ந்தது. அதே வேளையில் அந்தக் கருவியின் சரிபாதி அவர்கள் கையை விட்டும் போயிற்று. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால்தான் அவருடைய வாழ்க்கையின் முழுப்பொருள் விளங்கும்.

இளமையும் வறுமையும்

ஈஸ்ட்மன் 1854 ஆம் ஆண்டு ஜூலை 12 ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த வாட்டர்வில் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ராச்செஸ்டர் நகரில் வணிகக் கல்லூரி ஒன்றை நடத்தியவர். 1862 இல் அவர் காலமானபோது ஜார்ஜுக்கு வயது ஏழு. தாயார் மரியா கில்போர்ன் வீட்டில் பிறரைத் தங்கவைத்து உணவளித்து, அதில் கிடைத்த வருவாயைக் கொண்டு குடும்பத்தைக் காத்தார். மூத்த சகோதரியருள் ஒருவர் இளம்பிள்ளைவாதத்தால் நடக்க இயலாதவராகி, 1870 இல் மறைந்தார். இத்தகைய வீட்டில் பள்ளிப்படிப்பு நீடிப்பது அரிது. பதின்மூன்று வயதை எட்டிய நிலையில் பள்ளியை விட்ட சிறுவன், காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் வாரம் 3 டாலர் ஊதியத்தில் ஏவலாளாகச் சேர்ந்தான். ஒவ்வொரு காசுக்கும் கணக்கெழுதும் வழக்கம் அப்பொழுதே படிந்துவிட்டது. 1874 இல் ராச்செஸ்டர் சேமிப்பு வங்கியில் இளநிலை எழுத்தர் பணி கிடைத்தது.

வங்கி எழுத்தராகவே அவருடைய வாழ்நாள் கழிந்திருக்கலாம். அதை மாற்றியது, நடவாமற்போன ஒரு பயணம். கரிபியன் தீவுப்பகுதியிலுள்ள சாண்டோ டொமிங்கோவுக்கு விடுமுறையில் செல்ல எண்ணிய அவரிடம், காண்பவற்றைப் படமெடுத்து வருமாறு உடன் பணியாற்றியவர் ஒருவர் கூறினார். ஈஸ்ட்மன் 1877 இல் ஒளிப்படக் கருவிகளை வாங்கினார். பயணம் கைவிடப்பட்டது, கருவிகள் வீட்டில் தங்கிவிட்டன.

ஈரத்தட்டின் சுமை

அக்காலத்தில் வழக்கிலிருந்தது ஈரத்தட்டு முறை. பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர் 1851 இல் வெளியிட்ட இம்முறையில், கண்ணாடித்தட்டின்மீது கொலோடியன் என்னும் பிசின்போன்ற கரைசலைப் பூசி, இருளில் வெள்ளி நைட்ரேட்டு நீரில் தோய்த்து, ஈரம் காயுமுன்னரே படமெடுத்து, ஈரம் காயுமுன்னரே கழுவியும் ஆகவேண்டும். ஆகவே படமெடுக்கச் செல்பவர் இருட்டறையையும் உடன் கொண்டு செல்லவேண்டியிருந்தது. பெரிய கேமரா, கனத்த முக்காலி, கூடாரம், மருந்துப்புட்டிகள், கண்ணாடித் தொட்டிகள், தண்ணீர்க்குடம் என்று ஒரு பொதிமாட்டுக்குரிய சுமையை ஒரு மனிதன் சுமந்தான். இவற்றையெல்லாம் கையாளும் முறையைக் கற்றுக்கொள்ள ஈஸ்ட்மன் 5 டாலர் கட்டணம் செலுத்தினார். கலையின் மீது காதல் பிறந்தது. அதைச் சூழ்ந்திருந்த வீண்தொல்லையின் மீது சினமும் பிறந்தது. இனி அவர் செய்தவை யாவும் இவ்விரண்டிலிருந்தும் கிளைத்தவை எனலாம்.

ஜெலட்டின் என்னும் ஊன்பசையில் வெள்ளியுப்பைக் கலந்து தட்டில் பூசி உலர்த்தினால், வேண்டியபோது படமெடுத்து, வேண்டியபோது கழுவலாம் என்பதை இங்கிலாந்தில் 1871 இல் ரிச்சர்டு லீச் மேடாக்ஸ் காட்டியிருந்தார். 1878 இல் சார்லஸ் பென்னெட் அம்முறையைச் செம்மைப்படுத்தினார். அச்செய்தியை ஆங்கில இதழ் ஒன்றில் படித்த ஈஸ்ட்மன், பகலில் வங்கியிலும் இரவில் தாயாரின் சமையலறையிலுமாக உழைக்கத் தொடங்கினார். அடுப்பில் பசை காய்ச்சி, களைப்பு மிகுந்தபொழுது உடைகூட மாற்றாமல் அடுப்பருகிலேயே உறங்கிவிடுவது வழக்கமாயிற்று.

கையால் பூசிய தட்டுகள் ஒன்றுபோல் ஒன்று அமைவதில்லை. எனவே அவர் பொறியை நாடினார். தொட்டியிலுள்ள ஒளியுணர் பசையை உருளை ஒன்று எடுத்துத் தர, அதன் மேலாக நகரும் தட்டுகளின்மீது பசை சீராகப் படியும் கருவி ஒன்றை அமைத்தார். 1879 இல் லண்டனுக்குச் சென்று அதற்குக் காப்புரிமை பெற்றார். 1880 இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. அவ்வாண்டே ராச்செஸ்டரில் கட்டடம் ஒன்றின் மூன்றாம் தளத்தை வாடகைக்கு எடுத்துத் தட்டுகளைச் செய்து விற்கத் தொடங்கினார். தாயாரின் இல்லத்தில் தங்கியிருந்தவரும் குதிரைவண்டிச் சாட்டைகள் செய்யும் தொழிலதிபருமான ஹென்றி ஸ்ட்ராங் பணமுதலிட்டுப் பங்காளியானார். 1881 இல் நிறுவனம் உருப்பெற, ஈஸ்ட்மன் வங்கிப்பணியைத் துறந்தார்.

கடுகளவு காரணம்

தொழில் வளரத் தொடங்கிய வேளையில் பேரிடி விழுந்தது. 1882 இல் அவருடைய தட்டுகள் ஒளியுணர்வை இழந்தன. வாங்கியோர் எடுத்த படங்கள் எவையும் தோன்றவில்லை. ஈஸ்ட்மன் விற்ற தட்டுகளையெல்லாம் திரும்பப் பெற்றுக்கொண்டு, நல்ல தட்டுகளை ஈடாகத் தருவதென முடிவு செய்தார். இளம் நிறுவனத்தின் கையிருப்பு முழுவதையும் விழுங்கவல்ல முடிவு அது. நூற்றுக்கணக்கான சோதனைகள் பயனளிக்கவில்லை. இறுதியில் ஸ்ட்ராங்குடன் இங்கிலாந்தின் நியூகாசில் நகருக்குச் சென்று, மாசன் அண்டு ஸ்வான் நிறுவனத்தாரின் முறையைக் கற்றுத் திரும்பினார். குற்றம் ஜெலட்டினில் இருந்தது என்பது பின்னர்ப் புலப்பட்டது.

அந்தக் குற்றத்தின் வேர் என்னவென்பது வெளிப்பட மேலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1920 களின் நடுவில் ஈஸ்ட்மனின் ஆய்வகத்தைச் சேர்ந்த சாமுவேல் ஷெப்பர்டு, ஜெலட்டினில் மிக நுண்ணிய அளவில் கலந்துள்ள கந்தகச் சேர்மங்களே ஒளியுணர்வைத் தூண்டுகின்றன என்று கண்டார். அச்சேர்மங்கள் கடுகு முதலிய செடிகளில் உள்ளவை. அவற்றை மேய்ந்த கால்நடைகளின் தோலிலும் எலும்பிலுமிருந்து ஜெலட்டினுக்கு வந்து சேர்ந்தவை. ஒரு தொழிற்சாலையின் வாழ்வும் தாழ்வும் மாடு மேய்ந்த கடுகுச்செடியில் அடங்கியிருந்தது. எல்லாவற்றையும் அளந்து, எடைபோட்டு, பொறியின் பொறுப்பில் விட விரும்பிய மனிதருக்கு இயற்கை கற்பித்த பாடம் இது.

சுருளும் பெட்டியும்

கண்ணாடி கனமானது, உடையக்கூடியது. ஈஸ்ட்மன் அதற்கு மாற்றாகத் தாளை எண்ணினார். வில்லியம் வாக்கர் என்பவருடன் இணைந்து, நீண்ட தாள்சுருளைக் கேமராவினுள் சுற்றிவைக்கும் தாங்கியை 1880 களின் நடுவில் உருவாக்கினார். தாளின் இழைகள் படத்தில் தெரிந்தமையால், கழுவியபின் தாளை உரித்தெடுத்துப் படம் தாங்கிய ஜெலட்டின் தோலை மட்டும் பிரித்துக்கொள்ளும் வகையை அடுத்துச் செய்தார். அந்தத் தோலைக் கண்ணாடியில் ஒட்டி, வெந்நீரில் இளக்கி, தாளை உரித்து, மீண்டும் உலர்த்தி எடுப்பது தேர்ந்த கைகளுக்கே இயலும் வேலை. தொழில்முறைப் படக்கலைஞர்கள் இந்தச் சுருளை ஏற்கவில்லை. கண்ணாடித்தட்டே போதும் என்றிருந்தனர்.

இத்தோல்வியிலிருந்துதான் ஈஸ்ட்மனின் பெருந்திட்டம் பிறந்தது. கலைஞர்கள் ஏற்காவிட்டால் கலையே அறியாத பொதுமக்களிடம் செல்லலாம். அவர்களால் கழுவ இயலாதெனின் கழுவும் வேலையை நிறுவனமே ஏற்கலாம். 1888 இல் வெளிவந்த சிறு பெட்டிக்கேமரா இவ்வெண்ணத்தின் வடிவம். விலை 25 டாலர். உள்ளே 100 படங்களுக்கான சுருள் முன்பே பொருத்தப்பட்டிருக்கும். கயிற்றை இழுப்பது, சாவியைத் திருகுவது, பொத்தானை அழுத்துவது ஆகிய மூன்று செயல்களே படமெடுப்பவருக்கு உரியன. சுருள் தீர்ந்ததும் பெட்டியை அப்படியே ராச்செஸ்டருக்கு அனுப்பி 10 டாலர் செலுத்தினால், கழுவிய படங்களும் புதுச்சுருள் இட்ட பெட்டியும் திரும்பி வரும். இரண்டரை அங்குல விட்டமுள்ள வட்டப் படங்கள் அவை. பொத்தானை அழுத்துவது மட்டுமே மக்கள் வேலை, எஞ்சியவை நிறுவனத்தின் பொறுப்பு என்னும் பொருளில் ஈஸ்ட்மனே அமைத்த விளம்பர வாசகம் விரைவில் நாடெங்கும் பரவியது.

பெட்டிக்கு அவர் இட்ட பெயர் சொல்லாக்கத்தில் ஈடுபாடுடையோர் கருதத்தக்கது. கோடாக் என்பது எம்மொழிச் சொல்லும் அன்று. எப்பொருளும் அதற்கு இல்லை. எழுத்துகளை மாற்றி மாற்றி அடுக்கும் விளையாட்டில் தாயாருடன் அமர்ந்து அதை அவர் உருவாக்கினார் என்பர். முதலும் இறுதியும் ஒரே வல்லொலியாக அமையவேண்டும், சுருக்கமாக இருக்கவேண்டும், யாரும் தவறாக ஒலிக்க இயலாததாக இருக்கவேண்டும் என்பன அவர் வகுத்த இலக்கணம். பொருளற்ற அச்சொல் சில ஆண்டுகளுக்குள் பல மொழிகளில் கேமரா என்னும் பொருளையே பெற்றுவிட்டது.

இருள் சென்ற இடம்

படமெடுப்பவரின் தோளிலிருந்து இறங்கிய இருட்டறை மறைந்துவிடவில்லை, ராச்செஸ்டருக்குக் குடிபெயர்ந்தது. மங்கிய சிவப்பு விளக்கொளியில் நின்று பசை பூசியோரும், சுருள் சுற்றியோரும், கழுவியோரும், படியெடுத்தோரும் பலர். அவர்களுள் பெண் தொழிலாளர் மிகுதி. குடும்பங்களின் மகிழ்ச்சியான பொழுதுகளெல்லாம் முன்பின் அறியாத அந்தக் கைகளின் வழியே வெளிச்சத்திற்கு வந்தன. படங்களின் ஓரத்தில் அவர்கள் பெயர் இல்லை.

பொறிகள் மேலும் வளர்ந்தன. 1889 இல் நிறுவனத்தின் வேதியியலாளர் ஹென்றி ரைக்கன்பாக் உருவாக்கிய ஒளி ஊடுருவும் படச்சுருள் வெளிவந்தது. தாளை உரிக்கும் தொல்லை ஒழிந்தது. எடிசனின் அசையும் படச் சோதனைகளுக்கும் அதுவே துணையாயிற்று. தொடக்கத்தில் நீண்ட கண்ணாடி மேசைகளின்மீது கரைசலை ஊற்றி உலர்த்திச் செய்யப்பட்ட சுருள், 1899 முதல் சுழலும் பேருருளையின்மீது இடையறாது வார்க்கப்பட்டது. பகலொளியிலேயே கேமராவில் சுருளை மாற்றும் முறைக்குரிய சாமுவேல் டர்னரின் காப்புரிமையை 1895 இல் ஈஸ்ட்மன் விலைகொடுத்து வாங்கினார். விளக்கொளியிலேயே படியெடுக்க உதவும் தாளை உருவாக்கிய லியோ பேக்லண்டிடமிருந்து 1899 இல் அவ்வுரிமையைப் பெற்றார். 1900 இல் வெளிவந்த பிரவுனி கேமராவின் விலை 1 டாலர். சுருளின் விலை 15 செண்டு. சிறுவர்களும் படமெடுத்தனர்.

எஞ்சியிருந்தது கழுவுதல் ஒன்றே. அதையும் இருட்டறையின்றிச் செய்யும் கருவியை ஆர்தர் மெக்கர்டி அமைத்தார். அவர் தொலைபேசியைக் கண்ட கிரகாம் பெல்லின் செயலாளராகப் பணியாற்றியவர். அவ்வுரிமையை வாங்கிய ஈஸ்ட்மனின் நிறுவனம், 1902 இல் கழுவுபொறியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. ஒளிபுகாத சிறு பெட்டி அது. கைப்பிடியைச் சுழற்றினால் படச்சுருள், விளிம்பில் ரப்பர் பதித்த செலுலாயிடு பட்டை ஒன்றுடன் சேர்ந்து சுருண்டுகொள்ளும். ரப்பர் விளிம்பு தரும் இடைவெளியில் மருந்துநீர் புகுந்து படம் முழுவதையும் சீராகத் தொடும். கூடத்தில் மேசைமீது வைத்துப் பட்டப்பகலில் எவரும் படம் கழுவலாம். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் மக்களிடமிருந்து தொழிற்சாலைக்குப் போன பணி, கூடாரச் சுமை நீங்கி, ஒரு கையடக்கப் பெட்டியாக அவர்களிடமே திரும்பி வந்தது. ஈஸ்ட்மனின் நிறுவனம் விற்ற பொருள்களுள் இதுவே படமெடுப்பவரை மிகவும் மதித்த பொருள் எனலாம். ஆயினும் பெரும்பாலோர் பொத்தானை அழுத்துவதோடு நிறைவு கொண்டனர்.

அறத்தின் தராசில்

ஈஸ்ட்மனின் வெற்றியில் நிழல்களும் உண்டு. நியூவார்க் நகரத்துப் பாதிரியார் ஹானிபல் குட்வின், ஒளி ஊடுருவும் படச்சுருளுக்கு 1887 மே மாதமே காப்புரிமை கோரியிருந்தார். வழக்காடலிலும் தாமதத்திலும் பதினோர் ஆண்டுகள் கழிந்தபின் 1898 இல்தான் உரிமை அவருக்கு வழங்கப்பட்டது. 1900 டிசம்பர் 31 இல் பயன் எதையும் காணாமலே அவர் மறைந்தார். அவருடைய உரிமையைப் பெற்ற நிறுவனத்தார் தொடுத்த வழக்கில் 1914 இல் ஈஸ்ட்மன் தரப்பு தோற்று, 50 இலட்சம் டாலர் ஈட்டுத்தொகை வழங்கியது. போட்டியாளர்களின் உரிமைகளை விலைக்கு வாங்கி வளர்ந்த முறையையும் நீதிமன்றம் கண்டித்தது. 1915 இல் வந்த தீர்ப்பு, தனியுரிமைக்கு எதிரான சட்டத்தை நிறுவனம் மீறியதாக உரைத்தது.

கழுவும் பணியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் போக்கும் தொடர்ந்தது. 1923 இல் வெளிவந்த 16 மில்லிமீட்டர் திரைச்சுருளுக்கு, கழுவும் கட்டணம் சுருளின் விலையிலேயே அடங்கியிருந்தது. எதிர்ப்படத்தையே நேர்ப்படமாக மாற்றும் அதன் நுட்பம் வீட்டில் செய்ய எளிதன்று. நிறுவனத்தின் நிலையங்களுக்கே அனுப்பவேண்டும். வண்ணச்சுருள்களிலும் இதே வழக்கம் நிலைத்தது. ஈஸ்ட்மன் மறைந்து இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1954 இல், சுருளின் விலையையும் கழுவும் கட்டணத்தையும் பிரிக்க அமெரிக்க அரசுடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி நிறுவனம் இசைந்தது. படமெடுத்தவரே தம் படத்தை எங்கே கழுவுவதெனத் தேர்ந்துகொள்ளும் உரிமை இவ்வாறு சட்டத்தின் துணையோடு மீண்டது.

இவற்றோடு அவருடைய ஈகையையும் சேர்த்து நிறுக்கவேண்டும். 1912 இல் இலாபத்தோடு இணைந்த ஊக்கத்தொகையைத் தொழிலாளர்களுக்கு வழங்கத் தொடங்கினார். 1919 இல் தமக்குரிய பங்குகளில் மூன்றிலொரு பகுதியை ஊழியர்களுக்கு அளித்தார். அதன் மதிப்பு 1 கோடி டாலர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற்கு ஸ்மித் என்னும் புனைபெயரில் மறைந்திருந்து கொடுத்தார். ராச்செஸ்டர் பல்கலைக்கழகம், அதன் இசைப்பள்ளி, லண்டன், பாரிஸ், ரோம் முதலிய நகரங்களின் பல்மருத்துவ நிலையங்கள் அவருடைய கொடையால் செழித்தன. கறுப்பின மக்களுக்கான டஸ்கீகி, ஹாம்ப்டன் கல்வி நிலையங்களுக்கும் வாரி வழங்கினார். எனினும் அவர்தம் தொழிற்சாலைகளில் அம்மக்களுக்கு வேலைவாய்ப்பு மிக அரிதாகவே இருந்தது. கொடுத்த கையையும் மூடிய கதவையும் வரலாறு ஒருங்கே குறித்து வைத்திருக்கிறது.

இறுதி நாள்கள்

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1907 இல் தாயார் மறைந்தபோது உடைந்து அழுததை நண்பர்கள் கண்டனர். மாளிகையில் இசைக்கலைஞர்களை அமர்த்தி, இசை கேட்பதை நாள்தோறும் கடமையாகக் கொண்டார். இசைக்கும் இருட்டறைக்கும் உள்ள உறவு அவருடைய ஆய்வகத்திலேயே வினோதமாக வெளிப்பட்டது. 1930 இல் அங்கே சேர்ந்த லியோபோல்டு மேன்ஸ், லியோபோல்டு கோடோவ்ஸ்கி ஆகிய இருவரும் முறையே பியானோ, வயலின் கலைஞர்கள். முழு இருளில் கடிகாரம் பார்க்க இயலாமையால், பிராம்ஸின் இசைப்பகுதியைச் சீழ்க்கையடித்து, அதன் தாளத்தைக் கொண்டு கழுவும் நேரத்தைக் கணித்தனர். 1935 இல் வெளிவந்த கோடாக்குரோம் வண்ணச்சுருள் அவர்களின் படைப்பு. அதைக் காண ஈஸ்ட்மன் இல்லை. முதுகெலும்பு நோயால் நடையும் நிமிர்வும் இழந்த அவர், 1932 மார்ச் 14 ஆம் நாள், எழுபத்தேழாம் வயதில், நண்பர்கள் முன்னிலையில் விருப்பமுறியில் கையொப்பமிட்டு அவர்களை அனுப்பிவிட்டு, தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார். அவருடைய சாம்பல் ராச்செஸ்டரின் தொழிற்சாலை வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது.

கோடாக்குரோமைக் கழுவிய உலகின் இறுதி நிலையம், கான்சாஸ் மாநிலத்துப் பார்சன்ஸ் என்னும் ஊரில் 2010 டிசம்பர் 30 ஆம் நாளோடு அச்சுருளைக் கழுவ ஏற்பதை நிறுத்தியது. அதன்பின் அச்சுருளில் எடுத்துக் கழுவாமல் விட்ட படங்களுக்கு அவற்றுக்குரிய வண்ணத்தைத் தரும் வழி இல்லாமற்போயிற்று. 2012 ஜனவரியில் ஈஸ்ட்மனின் நிறுவனமே கடனிறுக்க இயலாமல் நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடியது. இருளும் மருந்தும் வேண்டாத புதிய படமுறை அவர் எழுப்பிய மாளிகையைப் பெரிதும் வெறுமையாக்கிவிட்டது. ஆயினும் பொத்தானை அழுத்தியவுடன் படம் வந்துவிடவேண்டும் என்னும் எதிர்பார்ப்பு அவர் விதைத்ததே. இன்றைய கைப்பேசியிலும் ஒளியை உருவமாக்கும் வேலை பயன்படுத்துவோர் கண்ணுக்குப் படாமல், வேறொருவர் வகுத்த விதிகளின்படியே நடைபெறுகிறது. கருவி எளிதாகும்போதெல்லாம் அதன் கடினமான பகுதி யாரிடம் சென்று சேர்கிறது, அதன்மீது யாருக்கு உரிமை இருக்கிறது என்று வினவும் கடமை படைப்போருக்கு உண்டு. ஈஸ்ட்மனின் வாழ்க்கை அவ்வினாவை இரு பக்கமும் விளக்கேற்றிக் காட்டுகிறது. சாமானியர் வீட்டுச் சுவரிலும் ஒரு முகம் நிலைத்து நிற்க வழிசெய்தவர் என்ற புகழ் அவருக்கு என்றும் உரியது.